சந்தா கட்டும் தலைமுறை

ஒரு நாட்டின் எதிர்காலம் அதன் இளைஞர்கள் கையில் இருக்கிறது. அபிராமபுரத்து இளைஞர்களின் எதிர்காலம் சுப்புராயன் கையில் இருந்தது. அவருக்கு வயது அறுபத்தொன்று.

புத்தெழுச்சி இளைஞர் மன்றத்தில் பதினெட்டு முதல் முப்பத்தைந்து வயது வரை உள்ளவர்கள்தான் உறுப்பினராகலாம். தலைவருக்கு இந்த விதி பொருந்தாது என்று இன்னொரு விதி இருந்தது. இரண்டையும் எழுதியவர் சுப்புராயன்தான்.

ஜூன் இருபதாம் தேதி, மாலை ஆறு மணி. தலைவர் சுழல் நாற்காலியில் உட்கார்ந்து உறுப்பினர் பதிவேட்டைப் புரட்டினார். முதல் பக்கத்திலேயே பதிவேடு முடிந்துவிட்டது.

"ஒம்பது பேரா?"

"எட்டு சார். உங்களையும் சேர்த்தா ஒம்பது" என்றான் பொருளாளர் நிரஞ்சன். துரைப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் வேலை. அம்மாவுக்கும் சுப்புராயனுக்கும் ஒரே டாக்டர் என்பதால் பொருளாளர் ஆனவன்.

"போன வருஷம் இதே தேதியில?"

"இருபத்தஞ்சு. உங்களைச் சேர்த்து."

சுப்புராயன் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கவலைப்படும்போது அப்படித் திரும்புவது ஒரு தலைவருக்கு அழகு என்று நினைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பொன்மணியின் இஸ்திரி வண்டி தெரிந்தது.

விஷயம் சின்னதில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி கொண்ட அந்த அறை ஓர் அறக்கட்டளைக்குச் சொந்தம். வாடகை கிடையாது. ஒரே நிபந்தனைதான்: ஜூன் முப்பதுக்குள் சந்தா கட்டிய உறுப்பினர் இருபத்தைந்து பேரைப் பதிவேட்டில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் அறை யோகா வகுப்புக்குப் போய்விடும். யோகா மாஸ்டர் போன வாரமே வந்து கேரம் போர்டை எங்கே நகர்த்தலாம் என்று பார்த்துவிட்டுப் போயிருந்தார்.

பதினோரு வருடமாக இந்த நிபந்தனை ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. சுப்புராயன் அரசு அலுவலகத்திலிருந்து விருப்ப ஓய்வு பெற்ற வருடம், ஏழாக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை திடீரென்று இருபத்தைந்தாக உயர்ந்தது. முழுநேரத் தலைமைக்கு இளைஞர்கள் தந்த அங்கீகாரம் என்று அவர் அதை மேடைகளில் குறிப்பிடுவதுண்டு. சிங்கப்பூரில் குடியேறிவிட்ட அறிவு என்ற பையன்கூட வருடம் தவறாமல் கட்டிவிடுவான்.

சந்தா வாங்க அவர் யாரிடமும் போனதில்லை. தலைவன் கை நீட்டக் கூடாது. பையன்கள் போகிறபோக்கில் பொன்மணியிடம் கொடுத்துவிடுவார்கள். மன்றத்தின் சாவி அவளிடம், துடைப்பமும் அவளிடம். அவள் ஒரு கவரில் பணமும் பெயர்ச்சீட்டும் போட்டு நிரஞ்சனிடம் கொடுப்பாள். நிரஞ்சன் ரசீது எழுதிக் கொடுப்பான். அவள் ரசீதுகளை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொள்வாள்.

"பொன்மணி, மத்தவங்க யாரும் இன்னும் தரலையா?" என்று ஜன்னல் வழியாகக் கேட்டார்.

"வந்தா குடுக்க மாட்டேனா சார்? நான் இன்னா துன்னுடுவேனா?" பொன்மணி கரி அள்ளிப் போட்டாள். "நூறு ரூபாயா இருந்தத முந்நூறு ஆக்கிட்டு, இப்ப வர்ல வர்லன்னா?"

பொன்மணி எல்லாரையும் நீ என்றுதான் சொல்வாள். கூடவே சார் சேர்த்தால் அது மரியாதை.

சந்தாவை ஏற்றியது ஏப்ரலில். செலவுக்காக இல்லை. மன்றத்துக்குச் செலவே கிடையாது. சுதந்திர தினத்துக்குக் கொடி, மிட்டாய். கேரம் பவுடர். மீதியில் தலைவருக்கு ஆண்டுதோறும் ஒரு பொன்னாடை. ஏற்றியது கௌரவத்துக்காக. "நூறு ரூபாய்க்கு இன்னிக்கு ஒரு மசால் தோசை வராது. அதுக்கு ஒரு இயக்கமா?" என்று செயற்குழுவில் கேட்டார். செயற்குழுவில் நிரஞ்சன் இருந்தான்.

எதிர்ப்புத் தெரிவித்த ஒரே ஆள் மனைவி ரத்னா. "நூறே இருக்கட்டுமே, என்ன அவசரம்" என்றாள். நிர்வாகம் என்றால் என்ன என்று அவளுக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார்.

அன்று இரவு தோசையைப் போட்டுக்கொண்டே ரத்னா கேட்டாள். "இருபத்தஞ்சு சேரலைன்னா ரூமைப் பூட்டிடுவாங்களா?"

"பூட்டிடுவாங்க."

"அப்புறம் நீங்க சாயந்தரம் எங்க போவீங்க?"

"எங்க போவேன்? வீட்லதான் இருப்பேன்."

ரத்னாவின் கையிலிருந்த கரண்டி தோசையின் நடுவில் நின்றது. தோசை கருகியது. பொதுவாழ்வில் உள்ளவனின் மனைவிக்கும் எத்தனை அக்கறை என்று சுப்புராயன் நெகிழ்ந்தார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அறைக்கு வெள்ளையடித்தபோது ஒரு வாரம் அவர் மாலைகளில் வீட்டில் இருந்தார். சமையலறை டப்பாக்களுக்கு வரிசை எண் போட்டார். சர்க்கரை எடுத்தால் கையெழுத்துப் போட ஒரு நோட்டு வைத்தார். ஃபிரிட்ஜ் கதவில் தினம் ஒரு சுற்றறிக்கை ஒட்டினார். அந்த வாரம்தான் ரத்னாவுக்கு ரத்த அழுத்தம் இருப்பது தெரியவந்தது.

"கவலைப்படாதே. அதான் நீ சிக்கனமா இருக்கக் கத்துக்கணும்" என்று சம்பந்தமில்லாமல் ஆறுதல் சொன்னார். "பொன்மணிகிட்ட மாசம் இருநூறு சீட்டு கட்டறியே, அது என்னிக்காவது உனக்கு விழுந்திருக்கா?"

"வருஷா வருஷம் விழுது. செலவாயிடுது."

"எதுல?"

"வீட்ல நிம்மதியா இருக்கறதுக்குத்தான்."

இன்வர்ட்டர் பேட்டரியைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் ஓர் அறிவிப்பு எழுதி மன்றத் தகவல் பலகையில் ஒட்டினார். "கடமை தவறுவோர் பட்டியல் பொதுவெளியில் வெளியிடப்படும்." தகவல் பலகை அறைக்குள்ளே இருந்தது. அவரையும் நிரஞ்சனையும் பொன்மணியின் துடைப்பத்தையும் தவிர அறைக்குள் யாரும் வருவதில்லை. மூன்று நாள் தொடர்ந்து அதை அவரே படித்தார்.

பிறகுதான் ஃபிளக்ஸ் யோசனை வந்தது. சந்தா கட்டாத பதினாறு பேரின் பெயரை ஊரறியப் போட்டுவிட்டால், மானமுள்ளவன் ஓடி வருவான்.

மந்தைவெளியில் ஃபிளக்ஸ் கடை வைத்திருந்த சண்முகவேலுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம்.

"வெறும் பேரா?" என்று முகத்தைச் சுளித்தார். "பேரை மட்டும் போட்டா எவன் அண்ணாச்சி பாப்பான்? மூஞ்சி வேணும்லா."

மூஞ்சி இருந்தால் அவமானம் அதிகம் என்று சுப்புராயனுக்கும் பட்டது. நிரஞ்சன் வாட்ஸ்அப்பிலிருந்து படங்களை எடுத்து அனுப்பினான். ஒருவன் தன் படத்துக்குப் பதிலாக முருகர் படம் வைத்திருந்தான். வேறு படம் கிடைக்கவில்லை. ஆகவே சந்தா கட்டாதவர்களில் முருகரும் சேர்ந்தார்.

சண்முகவேலின் கம்ப்யூட்டரில் ஒரே ஒரு டிசைன்தான். காதுகுத்துக்கும் அதுதான், கடைதிறப்புக்கும் அதுதான். ரோஸ் கலர் வானம், பறக்கும் புறா, ஒவ்வொரு தலைக்குப் பின்னாலும் ஓர் ஒளிவட்டம். கீழே ஒரு வரியில் "மேற்கண்டோர் ஆண்டுச் சந்தா செலுத்தவில்லை" என்று தெளிவாக, பிழையில்லாமல் இருந்தது. ஆயிரத்து இருநூறு ரூபாய்.

மன்றத்தின் வெளிச்சுவரில் மாட்டினார்கள். கீழ்வரியைப் பொன்மணியின் இஸ்திரி வண்டி மறைத்தது. மறைக்காவிட்டாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஃபிளக்ஸைப் படிக்கும் வழக்கம் இந்த ஊரில் இல்லை. முகத்தைப் பார்ப்பார்கள், போய்விடுவார்கள்.

முதலில் ஓடி வந்தவன் அஸ்வத். இருபத்தெட்டு வயது, சாந்தோமில் ஏசி மெக்கானிக். கையில் அரைக்கிலோ மைசூர்பாகு.

"எடுத்துக்க சார். நம்ம மூஞ்சி மொத தபா போர்டுல வந்துக்கீது. எங்கம்மா அழுதுடுச்சு."

"அழணும்" என்றார் சுப்புராயன் கண்டிப்பாக. "முந்நூறு ரூபாயை எடு."

"போர்டுக்கா சார்? தர்றேன்." பர்ஸைத் திறந்தான்.

"போர்டுக்கில்லப்பா. சந்தா. நீ கட்டிட்டா உன் படத்தை எடுத்துடுவோம்."

அஸ்வத் பர்ஸை மூடினான். "கட்டினா எடுத்துடுவியா?"

"ஆமா."

"கட்லன்னா?"

"அப்படியே இருக்கும்."

"அப்ப கட்ல சார்." பர்ஸைப் பின்பையில் வைத்துக்கொண்டான். "ஞாயித்துக்கெழம பாலவாக்கத்துலேந்து பொண்ணு வூட்டுக்காரங்க வர்றாங்க. இந்தத் தெரு வழியா இட்டுக்கினு வரப் போறேன். அதுவரைக்கும் எடுத்துடாத, உனக்குப் புண்ணியமா போவும்."

இரண்டு நாளில் பதினாறு பேரில் பதினோரு பேர் வந்து நன்றி சொன்னார்கள். முருகர் முகத்துக்குக் கீழே யாரோ கதம்பம் வைத்து ஊதுவத்தி ஏற்றினார்கள். இனி ஃபிளக்ஸைக் கழற்றினால் அது தெருப் பிரச்சினை ஆகிவிடும்.

இருபத்தாறாம் தேதி சந்தா கட்டிய எட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் நின்றவன் தமிழ்மாறன். மீன் மார்க்கெட்டில் ஐஸ் சப்ளை. குரல் பெரிது.

"இன்னா சார் இது? அந்த அஸ்வத்து மூஞ்சியெல்லாம் போட்டுக்கிற, எங்க மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?"

"தம்பி, நீங்கள்லாம் சந்தா கட்டினவங்க. அது கட்டாதவங்க போர்டு."

"யாரு கட்டினா?"

"நீதான்."

"நான் எப்ப கட்டினேன்?"

சுப்புராயன் பதிவேட்டைத் திறந்து காட்டினார். "ரசீது நம்பர் மூணு. தமிழ்மாறன். ரூபாய் முந்நூறு."

"சத்தியமா ஒரு ரூபா கட்டல சார். எங்கம்மா மேல ஆணை. வேணும்னா எழுதிக் குடுக்கறேன்."

பின்னால் நின்ற ஏழு பேரும் தாங்களும் கட்டவில்லை என்று சத்தியம் செய்தார்கள். ஒருவன் கற்பூரம் அணைக்கத் தயார் என்றான்.

சுப்புராயனுக்கு வருத்தமாக இருந்தது. புகழாசை மனிதனை எவ்வளவு கீழே இறக்கிவிடுகிறது. ஒரு ஃபிளக்ஸில் முகம் வர வேண்டும் என்பதற்காகக் கட்டிய பணத்தையே கட்டவில்லை என்கிறான். அன்று இரவு ரத்னாவிடம் இதைச் சொல்லி, இன்றைய தலைமுறையைப் பற்றி வெகுநேரம் பேசினார். ரத்னா ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டாள்.

எட்டுப் பேரையும் இழக்க முடியாது. ஆகவே இரண்டாவது ஃபிளக்ஸ். "சந்தா செலுத்திய செம்மல்கள்." அதே ரோஸ் வானம், அதே புறா. சண்முகவேல் கடனுக்கு அடித்துத் தந்தார். முப்பதாம் தேதி பணம் வேண்டும் என்றார். முன்சுவரில் இடம் இல்லை. பக்கச் சுவரில், மாநகராட்சியின் பச்சைக் குப்பைத்தொட்டிக்கு மேலே மாட்டினார்கள்.

தெரு உடனே முடிவுக்கு வந்தது. முன்னால் பூப்போட்டு ஊதுவத்தி ஏற்றியிருப்பவர்கள் நல்லவர்கள். குப்பைத்தொட்டிப் பக்கம் இருப்பவர்கள் ஏதோ செய்திருக்கிறார்கள்.

"எங்க மாமியார் பாத்துட்டு, எந்த போலீஸ் ஸ்டேஷன்லேந்துப்பா ஒட்டிக்கிறாங்கன்னு கேக்குது சார்" என்றான் தமிழ்மாறன். இந்தத் தடவை குரல் சின்னதாக இருந்தது. அது இன்னும் மோசமாக இருந்தது. மேஜைமேல் ஒரு தாளை வைத்தான். எட்டுக் கையெழுத்து. "எங்கள யாரு மெம்பரா சேத்தாங்கன்னே தெர்ல. எதுக்கும் இருக்கட்டும், ராஜினாமா."

அவர்கள் போனதும் நிரஞ்சன் பதிவேட்டைப் பார்த்தான்.

"இப்ப எத்தனை?" என்றார் சுப்புராயன், ஜன்னலைப் பார்த்தபடி.

"நீங்க சார்."

இருபத்தொன்பதாம் தேதி அவர் வீட்டில் சாப்பிடவில்லை. ரத்னா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவள் அப்படி உட்கார்ந்து பல வருடம் ஆகியிருந்தது.

"நான் ஒண்ணு சொன்னா கேப்பீங்களா?"

"உனக்கு நிர்வாகம்..."

"தெரியாது. இருந்தாலும் சொல்றேன். சந்தாவைப் பழையபடி நூறாக்கிடுங்க. நாளைக்குக் காலைலயே பொன்மணிகிட்ட சொல்லிடுங்க."

"ராஜினாமா பண்ணிட்டாங்கடி. இனிமே நூறாக்கினா என்ன, சும்மான்னா என்ன?"

"நூறாக்குங்க, சேரும். கண்டிப்பா சேரும்." ரத்னா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "ரூம் போகக் கூடாதுங்க."

இவ்வளவு காலம் தன் பணியை இவள் புரிந்துகொள்ளவே இல்லை என்று நினைத்திருந்தோமே என்று சுப்புராயனுக்குக் கண் கலங்கியது. விலையைக் குறைப்பது அவருக்கு வேட்டியைக் குறைப்பது மாதிரி. இருந்தும் முப்பதாம் தேதி காலையில் இஸ்திரி வண்டியின் முன்னால் போய் நின்றார்.

"பொன்மணி, சந்தா நூறுதான். பழையபடி."

"மொதல்லயே செஞ்சிருக்கலாம்ல?" பொன்மணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "இதுக்காகவா ரெண்டு போர்டு? போ சார், சாயங்காலம் வா."

சாயங்காலம் ஆறு மணிக்கு அறக்கட்டளை மேனேஜர் ஜெயஸ்ரீ மாமி வந்துவிட்டார். பின்னால் யோகா மாஸ்டர், அக்குளில் நான்கு பாய்களோடு.

"என்ன சார், இருபத்தஞ்சு ஆச்சா? நான் ஆறரைக்குக் கிளம்பணும், ஆத்துல எல்லாரும் காத்துண்டிருக்கா."

சுப்புராயன் நிரஞ்சனைப் பார்த்தார். பொன்மணி கொடுத்த பெயர்ச்சீட்டைப் பார்த்து எழுதி முடித்த பதிவேட்டை நிரஞ்சன் நீட்டினான். மாமி விரலால் எண்ணினார். யோகா மாஸ்டரும் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து எண்ணினார். தமிழ்மாறன் இருந்தான். அஸ்வத் இருந்தான். சிங்கப்பூர் அறிவு இருந்தான். முருகர் படக்காரனும் இருந்தான்.

"இருபத்தஞ்சு" என்றார் மாமி. கையெழுத்துப் போட்டார். "உங்க பசங்களுக்கு உங்க மேல ரொம்பப் பிரியம் சார். கடைசி நாள்னாலும் விட்டுக்குடுக்கலை."

யோகா மாஸ்டர் பாய்களை இன்னொரு அக்குளுக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனார்.

சுப்புராயனுக்குப் பேச வேண்டும்போல் இருந்தது. கேட்க நிரஞ்சனும் பொன்மணியும் இருந்தார்கள். எழுந்து நின்றார். இளைஞன் கோபப்படுவான், ராஜினாமா செய்வான், ஆனால் அவன் இதயம் தலைவனை மறக்காது என்றார். இந்த இருபத்துநாலு பேர் கட்டியது நூறு ரூபாய் அல்ல, நம்பிக்கை என்றார். பதினோரு வருடமாகத் தன்னை இந்த நாற்காலியில் உட்கார வைத்திருப்பது அந்த நம்பிக்கைதான் என்றார். நிரஞ்சன் ஐந்து தடவை கை தட்டினான். பொன்மணி நாற்காலியின் கீழே பெருக்கினாள்.

வாசலில் சண்முகவேல் பைக்கை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"ஃபிளக்ஸ்காரர் வந்துட்டார். இன்னிக்குப் பையன்கள் கட்டின பணத்தை எடு பொன்மணி, குடுத்து அனுப்பிடலாம்."

"இன்னா பணம்?"

"சந்தாப் பணம். இருபத்துநாலு பேர் கட்டினாங்களே."

பொன்மணி துடைப்பத்தை உள்ளங்கையில் தட்டிச் சரிசெய்தாள்.

"அதான் அன்னிக்கே ரெண்டாயிரத்து நானூறு குடுத்துட்டேனே சார், நீ முந்நூறுன்னா எட்டுப் பேரு, நூறுன்னா இருபத்திநாலு பேரு. நீ ஆறுலேந்து ஒம்பது வரைக்கும் வூட்டாண்ட இல்லாம இருக்கறதுக்கு உங்க வூட்டம்மா வருசத்துக்கு அவ்ளோதான் குடுக்கும்."